கம்ப்யூட்டர் எழுதும் டைரி

கடைசி 10 நிமிடத்தை எண்ணினால் திருடன் சிக்குவான்!

ஒரு கம்பெனியில் ஆயிரம் பேர் வேலை பார்க்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

காலையில் வந்ததும் ஒவ்வொருவரும் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறார்கள். தங்கள் பெயரைத் தட்டுகிறார்கள். பிறகு 'பாஸ்வேர்டு' என்னும் ரகசியச் சொல்லைத் தட்டுகிறார்கள்.

அவர்களில் சிலர் ரகசியச் சொல்லைத் தப்பாகத் தட்டி விடுகிறார்கள். ஒரு நாள் முழுவதும் சேர்த்து 40 தவறுகள். இது பெரிய விஷயம் அல்ல. விரல் தடுமாறும். ஞாபகம் பிசகும்.

அதே 40 தவறுகள் இரவு 2 மணிக்கு, இரண்டே நிமிடத்தில் நடந்தால்?

அது விரல் தடுமாற்றம் அல்ல. யாரோ ஒருவன் சாவிக்கொத்தை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சாவியாகப் பூட்டில் போட்டுப் பார்க்கிறான்!

இரண்டிலும் எண்ணிக்கை ஒன்றுதான். ஆனால் முதலாவது சாதாரணம். இரண்டாவது ஆபத்து. இந்த வித்தியாசம் நேரத்தைப் பார்த்தால்தான் தெரியும்.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய எந்திரம் வேண்டியது இல்லை. பத்துப் பதினைந்து வரியில் எழுதிய கட்டளைச் சீட்டு ஒன்று போதும். கம்ப்யூட்டர் வேலை செய்கிறவர்கள் அதை 'ஸ்கிரிப்ட்' என்கிறார்கள்.

தூங்காத கணக்குப்பிள்ளை

பெரிய கம்ப்யூட்டர்கள் எல்லாம் டைரி எழுதுகின்றன. இது பலருக்குத் தெரியாது.

யார் உள்ளே வந்தார், எத்தனை மணிக்கு வந்தார், எந்தக் கதவைத் தட்டினார், கதவு திறந்ததா இல்லையா என்று ஒவ்வொன்றையும் ஒரு வரியாக எழுதி வைக்கும். பழைய வரி மேலே இருக்கும். புதிய வரி கீழே சேரும். இந்த டைரிக்கு 'லாக்' என்று பெயர்.

ஒரு வரி எப்படி இருக்கும்?

"மார்ச் 8, இரவு 2 மணி 14 நிமிடம் 9 விநாடி. இன்ன முகவரியில் இருந்து வந்தவர் தந்த ரகசியச் சொல் தவறு."

அவ்வளவுதான். இப்படி ஒரு நாளில் லட்சக்கணக்கான வரிகள் சேர்ந்து விடும்.

கணக்குப்பிள்ளை நேர்மையானவர். தூங்க மாட்டார். எதையும் விட மாட்டார். ஆனால் அவரிடம் ஒரு குறை உண்டு. எழுதுவாரே தவிர, "ஐயா, ஆபத்து!" என்று கூப்பிட மாட்டார். நோட்டில் திருடன் பெயர் ஆயிரம் தடவை எழுதியிருந்தாலும், யாராவது நோட்டைப் புரட்டினால்தான் உண்டு.

லட்சம் வரிகளை மனிதன் தினமும் படிக்க முடியுமா? முடியாது. அந்த வேலையைத்தான் ஸ்கிரிப்டிடம் ஒப்படைக்கிறார்கள்.

மரக்கட்டையும் முடிச்சும்

'லாக்' என்றால் ஆங்கிலத்தில் மரக்கட்டை என்று பொருள். டைரிக்கும் மரக்கட்டைக்கும் என்ன சம்பந்தம்?

பாய்மரக் கப்பல்களின் காலம். கப்பல் எவ்வளவு வேகமாகப் போகிறது என்று அறிய மாலுமிகள் ஒரு வழி வைத்திருந்தார்கள். ஒரு மரக்கட்டையை நீளமான கயிற்றில் கட்டிக் கடலில் எறிவார்கள். கயிற்றில் சமமான தூரத்தில் முடிச்சுகள் போட்டிருக்கும். கட்டை தண்ணீரில் ஏறக்குறைய நின்ற இடத்திலேயே நிற்கும். கப்பல் முன்னே போகும். கயிறு கையை விட்டு ஓடும்.

ஒரு மாலுமி மணல் கடிகாரத்தைத் திருப்பி வைப்பார். அதில் மணல் விழுந்து முடிய சுமார் அரை நிமிடம் ஆகும். அதற்குள் எத்தனை முடிச்சு கையைத் தாண்டிப் போகிறது என்று இன்னொருவர் எண்ணுவார். அதுதான் கப்பலின் வேகம்! இன்றும் கப்பல் வேகத்தை 'நாட்' கணக்கில் சொல்கிறார்கள். நாட் என்றால் முடிச்சு.

கட்டையைப் போட்டு எண்ணிய கணக்கை எழுதிய புத்தகம் 'லாக் புத்தகம்' ஆயிற்று. அந்தப் பெயர்தான் கம்ப்யூட்டருக்கும் வந்தது.

அந்த மாலுமி செய்த வேலையைக் கவனியுங்கள். கயிற்றில் மொத்தம் எத்தனை முடிச்சு என்று அவர் எண்ணவில்லை. குறிப்பிட்ட நேரத்துக்குள் எத்தனை முடிச்சு என்றுதான் எண்ணினார். ஸ்கிரிப்ட் செய்வதும் இதே வேலைதான்.

முக்கால் டாலர் துப்பு

கணக்கு நோட்டைப் பார்த்தால் திருடன் அகப்படுவானா? அகப்பட்டிருக்கிறான். அது உலகப் பிரசித்தி பெற்ற கதை.

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் பெர்க்லி என்ற நகரம் இருக்கிறது. அங்கே லாரன்ஸ் பெர்க்லி ஆராய்ச்சிக்கூடம் உள்ளது. 1986-ம் ஆண்டில் அங்கே கிளிபோர்டு ஸ்டோல் (வயது 36) என்பவர் வேலையில் இருந்தார். அவர் நட்சத்திரங்களை ஆராயும் விஞ்ஞானி. ஆராய்ச்சிக்குப் பணம் தீர்ந்து போனதால் அவரைக் கம்ப்யூட்டர் பிரிவுக்கு மாற்றி இருந்தார்கள்.

அந்தக் கூடத்தில் கம்ப்யூட்டரை உபயோகிப்பவர்கள் பணம் கட்ட வேண்டும். அதற்காக இரண்டு விதமாகக் கணக்கு வைத்திருந்தார்கள். ஆகஸ்டு மாதம் இரண்டு கணக்கையும் ஒத்துப் பார்த்தபோது 75 சென்ட் இடித்தது. அதாவது முக்கால் டாலர்!

"போனால் போகிறது" என்று வேறு யாராவது விட்டிருப்பார்கள். ஸ்டோல் விடவில்லை. நோட்டைப் புரட்டினார். 'ஹன்டர்' என்ற பெயரில் யாரோ ஒருவன் சில விநாடிகள் கம்ப்யூட்டரை உபயோகித்துவிட்டுப் பணம் கட்டாமல் போயிருந்தான். பில் அனுப்ப முகவரியும் இல்லை.

அவன் வெளியே இருந்து டெலிபோன் வழியாக நுழைந்த திருடன் என்பது பிறகு தெரிய வந்தது.

ஸ்டோல் என்ன செய்தார் தெரியுமா? அலுவலகத்தில் இருந்த சுமார் 50 பிரிண்டர்களையும் டெலிபிரிண்டர்களையும் சேகரித்தார். வெளியில் இருந்து வரும் ஒவ்வொரு கம்பியிலும் ஒன்றை இணைத்தார். திருடன் தட்டும் ஒவ்வோர் எழுத்தும் காகிதத்தில் அச்சானது. கம்ப்யூட்டருக்குள் இருக்கும் டைரியைத் திருடன் அழித்துவிடலாம். காகிதத்தில் விழுந்ததை அழிக்க முடியுமா?

அடுத்ததாக, திருடன் நுழைந்த உடனே தம் சட்டைப் பையில் இருக்கும் 'பேஜர்' கருவி ஒலிக்கும்படி செய்தார். மாதக் கடைசியில் போட்ட கணக்கு திருட்டு நடந்ததைக் காட்டியது. திருடனைப் பின்தொடர உதவியது, "இப்போது வந்திருக்கிறான்" என்று ஒலித்த அந்தச் சின்ன மணிதான்.

சுமார் 10 மாதம் இந்த வேட்டை நடந்தது. அந்தத் திருடன் 450 கம்ப்யூட்டர்களின் கதவைத் தட்டிப் பார்த்தான். 30-க்கும் மேற்பட்டவற்றில் நுழைந்தும் விட்டான். அவன் தேடியது ராணுவ ரகசியங்கள்!

கடைசியில் அவன் மேற்கு ஜெர்மனியில் ஹனோவர் நகரத்தில் இருப்பது தெரிந்தது. பெயர் மார்க்கஸ் ஹெஸ். அவனும் அவனுடைய கூட்டாளிகளும் தகவல்களை ரஷிய உளவுத்துறையான கே.ஜி.பி.க்கு விற்று வந்தார்கள். 1990-ல் கோர்ட்டில் அவர்கள் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது. ஸ்டோல் இதை எல்லாம் 1989-ல் ஒரு புத்தகமாகவே எழுதிவிட்டார்.

முக்கால் டாலரை யாரும் தேடாமல் இருந்திருந்தால்?

சீட்டு எழுதுவது எப்படி?

இன்று அந்தக் காவல் வேலையைச் செய்ய 50 பிரிண்டர் தேவை இல்லை. ஸ்கிரிப்ட் போதும். அதில் இருக்கும் கட்டளைகள் இவைதான்:

முதல் கட்டளை: இப்போது மணி என்ன என்று பார்.

இரண்டாவது: அதில் இருந்து 10 நிமிடத்தைக் கழி. அதுதான் எல்லைக்கோடு.

மூன்றாவது: டைரியில் ஒவ்வொரு வரியாகப் படி. எல்லைக்கோட்டுக்கு முந்திய வரி என்றால் விட்டுவிடு.

நான்காவது: எல்லைக்கு இந்தப் பக்கம் உள்ள வரியில் "ரகசியச் சொல் தவறு" என்று இருக்கிறதா? இருந்தால் எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டு.

ஐந்தாவது: எண்ணிக்கை அளவுக்கு மீறினால் மணி அடி.

இதற்கு வேண்டிய கருவிகள் பழையவை. அமெரிக்காவில் பெல் ஆராய்ச்சிக்கூடத்தில் பிறந்தவை. அங்கே கென் தாம்ப்சன் என்ற விஞ்ஞானி 1973-ல் 'கிரெப்' என்ற கருவியைச் செய்தார். எந்தச் சொல்லைக் கேட்டாலும், அந்தச் சொல் உள்ள வரியை மட்டும் அது பொறுக்கிக் கொடுக்கும். 1977-ல் மூன்று பேர் சேர்ந்து 'ஆக்' என்ற கருவியைச் செய்தார்கள். அது வரியைத் துண்டு துண்டாகப் பிரித்து எண்ணும், கூட்டும். ஏகோ, வைன்பர்கர், கெர்னிகன் என்ற அந்த மூவரின் பெயரில் உள்ள முதல் எழுத்துகளே அதற்குப் பெயர் ஆயிற்று.

இரண்டு கருவிகளுக்கும் வயது ஐம்பதை ஒட்டி இருக்கும். இன்றும் ஓய்வு பெறவில்லை!

கடைசி 100 வரியா, கடைசி 10 நிமிடமா?

புதிதாக ஸ்கிரிப்ட் எழுதுகிறவர்கள் ஒரு சுருக்கு வழியைப் பிடிப்பது உண்டு. "நேரம் எதற்கு? கடைசி 100 வரியை எடுத்து எண்ணினால் போதாதா?" என்பார்கள்.

போதாது. கம்ப்யூட்டருக்கு வேலை இல்லாத ஞாயிற்றுக்கிழமையில், 100 வரி சேர ஒரு நாள் முழுவதும் ஆகலாம். நேற்றைய தவறும் இன்றைய தவறும் ஒன்றாகக் கலந்துவிடும். திருடன் தாக்கும் நேரத்திலோ, 100 வரி இரண்டு விநாடியில் ஓடிவிடும். ஆயிரம் தடவை தட்டியிருப்பான். ஸ்கிரிப்ட் 100 என்று சொல்லும்!

முழத்தை வைத்துக்கொண்டு நேரத்தை அளக்க முடியுமா?

நழுவும் சட்டம்

இன்னொரு பொறி இருக்கிறது. 10 நிமிடத்துக்கு 5 தவறு வரை பொறுக்கலாம் என்று வைத்துக்கொள்வோம்.

10 மணி முதல் 10-10 வரை ஒரு பெட்டி, 10-10 முதல் 10-20 வரை ஒரு பெட்டி என்று பிரித்து எண்ணினால் என்ன ஆகும்?

திருடன் 10 மணி 9 நிமிடத்தில் 4 தடவை தட்டுகிறான். 10 மணி 11 நிமிடத்தில் மறுபடி 4 தடவை தட்டுகிறான். முதல் பெட்டியில் 4. இரண்டாவது பெட்டியில் 4. இரண்டும் ஐந்தைத் தாண்டவில்லை. மணி அடிக்காது. ஆனால் நடந்தது என்ன? இரண்டு நிமிடத்துக்குள் 8 தடவை!

ஆகையால் பெட்டி போட்டு எண்ணக் கூடாது. ஒவ்வொரு நிமிடமும், "இப்போதில் இருந்து பின்னோக்கி 10 நிமிடம்" என்று எண்ண வேண்டும். ஓடும் ரெயிலின் ஜன்னல் போல, அந்த 10 நிமிடச் சட்டம் நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும்.

எந்த ஊர் மணி?

ஸ்கிரிப்டை ஏமாற்றுவது பெரும்பாலும் கடிகாரம்தான்.

உலகம் முழுவதற்கும் பொதுவாக ஒரு நேரம் உண்டு. இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால் இருக்கும். பல கம்ப்யூட்டர்கள் டைரியைப் பொது நேரத்தில் எழுதுகின்றன. டைரியில் காலை 10 மணி என்று இருந்தால், நம் கடிகாரத்தில் மாலை மூன்றரை.

இதை அறியாமல் எழுதிய ஸ்கிரிப்ட், இந்த விநாடி நடந்ததைக் கூட, "இது ஐந்தரை மணிக்கு முந்திய பழைய கதை" என்று தள்ளிவிடும். திருடன் கதவை உடைத்துக்கொண்டு இருப்பான். ஸ்கிரிப்ட், "தவறு எதுவும் இல்லை" என்று சொல்லிக்கொண்டு இருக்கும்!

பழைய முறை டைரிகளில் இன்னொரு சங்கடம். மாதமும் தேதியும் எழுதுவார்கள். ஆண்டு எழுத மாட்டார்கள். புத்தாண்டு பிறந்ததும், "டிசம்பர் 31" என்ற வரி நேற்று எழுதியதா, போன ஆண்டு நேற்று எழுதியதா என்று ஸ்கிரிப்ட் திணறும்.

இதற்கு நல்ல பரிகாரம் உண்டு. ஆண்டு, மாதம், நாள், மணி, நிமிடம், விநாடி என்ற வரிசையில், பெரியதில் இருந்து சிறியது வரை எழுத வேண்டும். மார்ச் மாதத்தை 3 என்று எழுதாமல் 03 என்று எழுத வேண்டும். இப்படி எழுதினால், அகராதியில் சொல் தேடுவதுபோல எழுத்தை வைத்தே எது முந்தியது, எது பிந்தியது என்று சொல்லிவிடலாம். 1988-ல் உலகத் தர நிர்ணய அமைப்பு இந்த முறையை வெளியிட்டது.

இன்னொரு வழி, விநாடிக் கணக்கு. 1970 ஜனவரி 1-ந் தேதி தொடங்கியதில் இருந்து எத்தனை விநாடி ஆயிற்று என்று கம்ப்யூட்டர்கள் எண்ணி வருகின்றன. அந்தக் கணக்கு 170 கோடியைத் தாண்டிவிட்டது. இதில் 10 நிமிடம் என்றால் வெறும் 600. கழித்தால் தீர்ந்தது!

நடுநிசியில் மாறும் நோட்டு

டைரி வளர்ந்துகொண்டே போனால் இடம் போதாது. அதனால் பல இடங்களில் நாளுக்கு ஒரு தடவையோ, வாரத்துக்கு ஒரு தடவையோ பழைய நோட்டை எடுத்துக் கட்டி வைத்துவிட்டுப் புது நோட்டுப் போடுகிறார்கள்.

இரவு 12 மணிக்கு நோட்டு மாறுவதாக வைத்துக்கொள்ளுங்கள். 12 மணி 3 நிமிடத்துக்கு ஸ்கிரிப்ட் வந்து பார்க்கிறது. புது நோட்டில் மூன்று நிமிடம்தான் இருக்கிறது. மீதி ஏழு நிமிடம் பழைய நோட்டில் இருக்கிறது. இரண்டையும் பார்த்தால்தான் கணக்கு சரியாக வரும். நோட்டு எந்த நேரத்தில் மாறும் என்று அறிந்த திருடனுக்கு அந்த ஏழு நிமிடமே போதும்.

சைபர் என்றால் நிம்மதியா?

ஸ்கிரிப்ட் 0 என்று சொல்கிறது. தவறு எதுவும் இல்லை. நிம்மதியாகத் தூங்கலாமா?

கூடாது! 0-வுக்கு இரண்டு அர்த்தம் உண்டு.

ஒன்று, கெட்டது எதுவும் நடக்கவில்லை.

இன்னொன்று, டைரியே எழுதப்படவில்லை! இடம் நிரம்பிப் போயிருக்கலாம். டைரி எழுதும் பகுதி நின்று போயிருக்கலாம். அல்லது உள்ளே வந்த திருடன் தன் அடிச்சுவட்டை அழித்திருக்கலாம்.

ஆகவே அனுபவசாலிகள் இரண்டு எண்ணிக்கை எடுப்பார்கள். கடைசி 10 நிமிடத்தில் தவறு எத்தனை? கடைசி 10 நிமிடத்தில் மொத்த வரி எத்தனை? தவறு 0, மொத்தம் 900 என்றால் நிம்மதி. தவறு 0, மொத்தமும் 0 என்றால், அதுதான் பெரிய அபாய மணி. காவற்காரன் விசில் சத்தம் கேட்கவில்லை என்றால், ஊர் அமைதியாக இருக்கிறது என்று அர்த்தமா?

ஸ்டோல் காகிதத்தில் அச்சிட்ட தந்திரத்தையும் இன்று மறக்கவில்லை. டைரியில் எழுதும் ஒவ்வொரு வரியையும் அந்தக் கணமே வேறொரு கம்ப்யூட்டருக்கு அனுப்பி வைக்கிறார்கள். இங்கே அழித்தாலும் அங்கே இருக்கும்.

வாசல் காவல்

மணி அடித்தால் மட்டும் போதுமா? இரவு 2 மணிக்கு யார் எழுந்து வருவது?

2004-ல் சிரில் ஜாக்கியர் என்பவர் 'பெயில் டூ பேன்' என்ற ஒரு காவல் ஏற்பாட்டைத் தொடங்கினார். அது டைரியைப் படித்துக்கொண்டே இருக்கும். ஒரே முகவரியில் இருந்து 10 நிமிடத்துக்குள் 5 தவறு வந்தால், அந்த முகவரிக்குக் கதவை 10 நிமிடம் சாத்திவிடும். வேண்டியவர்கள் இந்த எண்களை மாற்றிக்கொள்ளலாம்.

ஏன் 10 நிமிடம் மட்டும்? ரகசியச் சொல்லை மறந்த நல்லவரும் அந்த ஐந்து தவறுகளைச் செய்திருக்கலாம் அல்லவா? நல்லவருக்கு 10 நிமிடம் ஒரு காப்பி குடிக்கும் நேரம். திருடனுக்கோ பெரிய இடி. நிமிடத்துக்கு நூறு சாவி போட்டுப் பார்த்தவன், 10 நிமிடத்துக்கு ஐந்து சாவிதான் போட முடியும்.

திருடர்களும் சும்மா இல்லை. ஆயிரம் முகவரியில் இருந்து, ஒவ்வொன்றிலும் இரண்டே தடவை தட்டுகிறார்கள். தனித்தனியாக எண்ணினால் ஒருவரும் அகப்பட மாட்டார்கள். மொத்தமாக எண்ணினால் 2,000! ஆகவே ஆளுக்கு எத்தனை என்றும் எண்ண வேண்டும். ஊருக்கு எத்தனை என்றும் எண்ண வேண்டும்.

வீட்டுக்கும் இது பொருந்தும்

ஸ்கிரிப்ட் எழுதத் தெரியாதவர்களுக்கும் இதில் பாடம் இருக்கிறது.

கையில் இருக்கும் செல்போனுக்கு 'ஓ.டி.பி.' எண் வருகிறது. நீங்கள் கேட்டதால் வந்திருந்தால் சரி. கேட்காமலே ஒன்று வந்தால், யாராவது எண்ணைத் தப்பாகத் தட்டி இருக்கலாம். ஐந்து நிமிடத்துக்குள் கேட்காமலே நாலைந்து வந்தால்? யாரோ உங்கள் கதவைத் தட்டுகிறான்! அந்த எண்ணை யாரிடமும் சொல்லக் கூடாது. தாமதிக்காமல் வங்கிக்குத் தகவல் கொடுக்க வேண்டும்.

மாதக் கடைசியில் கணக்குப் பார்ப்பது நல்லதுதான். போனது எவ்வளவு என்று அது சொல்லும். கடைசி 10 நிமிடத்தை எண்ணினால், போகாமலே தடுக்கலாம்.